பாறையைப் பிளந்தது யார்?

வைகுண்ட ஏகாதசியன்று கண்விழிக்கும் இரவில் பரமபத சோபானப் படத்தை விரித்து வைத்துத் தாயக்கட்டை உருட்டுவது நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஏணியில் ஏறியவர் மகிழ்வர். பாம்பின் வாயில் அகப்பட்டுச் சறுக்கியவரைப் பார்த்து மற்றவர் கைகொட்டிச் சிரிப்பர். படத்தின் உச்சியிலோ பரமபதநாதன் தேவிமாரோடு எழுந்தருளியிருப்பான். அவன் திருமுன்பேதான் அத்தனை நகைப்பும் ஆரவாரமும் நடைபெறுகின்றன. விரத நாளில் இப்படிச் சிரிக்கலாமா என்று எந்தப் பெரியவரும் கண்டித்ததாக அடியேன் கேட்டதில்லை.

இப்படிப் பழகிவிட்ட நமக்கு, வேற்று நாட்டார் தம் தெய்வத்தை வைத்து ஒரு விளையாட்டுச் செய்து, அதில் சிரிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவுடன் மனம் துணுக்குறுகிறது. அத்தகைய துணுக்கம் ஒன்று அடியேன் வீட்டுக் கூடத்திலேயே நேர்ந்தது. அதைப் பற்றிச் சில சொற்கள், உற்சவம் சேவிக்க வந்திருக்கும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன் தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு கருவியை இணைத்து வீடியோ விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அடியேனும், திவ்விய தேச யாத்திரைகளில் பழக்கமான நண்பர் ஒருவரும் அமர்ந்திருந்தோம். திரையில் வெள்ளை ஓநாய் ஒன்று வயல்வெளியில் ஓடியது. அதன் கால் பட்ட இடமெல்லாம் புல்லும் பூவும் முளைத்து மறைந்தன. பார்க்க இதமாகவே இருந்தது. அடுத்த கணம் அந்த ஓநாய் ஒரு குடியானவப் பெண்ணின் தோட்டத்தில் புகுந்து முள்ளங்கியைத் தோண்ட, அவள் அதை விரட்ட, பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாரடா இந்த நாய்?" என்று நண்பர் கேட்டார். "நாய் இல்லை மாமா, இவள்தான் சூரிய தேவதை" என்றான் பிள்ளை.

நண்பரின் முகம் மாறிவிட்டது. "சுவாமி, ஒரு தேசத்தார் வணங்கும் தெய்வத்தை நாயாக்கி, கழுத்தில் கயிறு கட்டாத குறையாகச் சிறுபிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்களே! நம் பெருமாளை இப்படிச் செய்தால் தேவரீர் பொறுப்பீரோ?" என்றார்.

அடியேனால் உடனே விடை சொல்ல இயலவில்லை. பேரனிடம் கேட்டும், அதன் பின் பல நாள் அவனோடு அமர்ந்து பார்த்தும், ஜப்பானியரின் பழங்கதைகளைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை முதலில் சொல்லுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஓகாமி. ஜப்பானில் காப்காம் நிறுவனத்தைச் சேர்ந்த குளோவர் என்னும் கூடத்தில், ஹிதெகி காமியா என்பவரின் இயக்கத்தில் உருவாகி, 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. பெயரிலேயே ஒரு சிலேடை. ஓகாமி என்ற ஒலியை ஒரு விதமாக எழுதினால் ஓநாய். வேறு விதமாக எழுதினால் பெருந்தெய்வம். சிலேடையில் திளைத்த நம் புலவர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். ஓநாய்க்கு அந்நாட்டில் தெய்வத் தொடர்பு புதிதன்று. சிச்சிபு மலைப்பகுதியிலுள்ள மித்சுமினே ஆலயத்தில் ஓநாயே தெய்வத்தின் ஏவலன். வாயிற்புறங்களில் ஓநாய்ச் சிலைகள் நிற்கின்றன. திருட்டும் தீயும் அணுகாதிருக்க ஓநாய் உருவம் பொறித்த தாளை மக்கள் அங்கிருந்து வீட்டுக்கு வாங்கிச் செல்வார்கள். ஜப்பானிய ஓநாயினம் அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1905இல் நாரா மலைநாட்டில் அகப்பட்டதே கடைசியாகத் தெரியவந்தது என்பர். காட்டில் இல்லாது போன விலங்கு ஆலயத்திலும் ஆட்டத்திலும் உலவுகிறது.

ஆட்டத்தின் அமைப்பு இது. வயலும் காடும் கடற்கரையும் ஊர்களுமாக ஓர் உலகம் விரிகிறது. அதில் ஆடுபவன் தன் விருப்பம்போல் அலையலாம். முற்றிலும் கட்டற்ற உலகம் என்று சொல்ல முடியாது. கதை நகர நகரத்தான் புதிய நிலப்பகுதிகள் திறக்கும். எல்லாம் மையும் தூரிகையும் கொண்டு வரைந்த ஓவியம்போலத் தோன்றுகின்றன. நடுவே திரை அப்படியே நின்று வெறும் தாளாகிவிடும். அத்தாளின்மேல் ஆடுபவன் தூரிகையால் வரைய வேண்டும். வானத்தில் வட்டமிட்டால் சூரியன் உதிக்கும். பிறை வரைந்தால் இரவாகும். பட்ட மரத்தைச் சுற்றி வளையமிட்டால் அது பூக்கும். பகைவனின் மேல் குறுக்கே ஒரு கோடிட்டால் அவன் வெட்டுண்பான். இத்தகைய தூரிகைச் சக்திகள் 13. அமதெராசு என்னும் சூரிய தேவி ஓநாயுருவில் வந்து, இழந்துவிட்ட இந்தச் சக்திகளை ஒவ்வொன்றாக மீட்டு, தீமையால் வாடிய நிலத்தை மறுபடி பசுமையாக்குவதே கதை.

இதில் சிரிப்பு எங்கே வருகிறது? எங்கும் வருகிறது. தேவி பேசுவதில்லை. பெரியவர் ஒருவர் ஊரின் பழங்கதையை நீட்டி முழக்கும்போது அவள் படுத்து உறங்கிவிடுவாள். இஸ்ஸுன் என்னும் விரலளவு ஓவியன் ஒருவன் அவள் தலைமேல் ஏறிக்கொண்டு ஊர் சுற்றுகிறான், வாய்த்துடுக்கு மிகுந்தவன், தேவியையே பட்டப்பெயர் சொல்லி அழைப்பவன். ஊராரில் பெரும்பாலோருக்கு அவள் ஒரு வெள்ளை விலங்கு, அவ்வளவே. அவள் மேனியில் உள்ள செந்நிறத் தெய்வக் குறிகள் அவர்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை. நாய்க்கு இயல்பான ஒரு செயலைப் போர்த் தந்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். அதை இம்மலரில் எழுதக் கூசுகிறேன். அந்த ஓரிடத்தில் நண்பரின் கட்சியே சரி என்று அடியேனுக்கு இன்றும் தோன்றுகிறது. வேடிக்கை செய்பவருக்கும் ஒரு நிறுத்தம் தெரிய வேண்டும்.

ஆனால் மற்றவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அந்நாட்டார் தம் தேவியை எவ்வாறு அறிந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்னும் பழைய நூலில் அமதெராசுவின் வரலாறு வருகிறது. அவள் தம்பி சுசானோ அடங்காதவன். தமக்கையின் வயல்வரப்புகளை உடைத்தான், வாய்க்கால்களைத் தூர்த்தான், புது விளைச்சலைப் படைக்கும் மண்டபத்தை அசுத்தப்படுத்தினான், கடைசியில் நெசவுக் கூடத்தின் கூரையைப் பிளந்து தோலுரித்த குதிரையை உள்ளே எறிந்தான். நெசவு செய்த பெண் ஒருத்தி அதனால் மாண்டாள். மனம் நொந்த தேவி ஒரு கற்குகையில் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டது.

தேவர்கள் கூடி ஆலோசித்தார்கள். சேவல்களைக் கூவச் செய்தார்கள். மரத்தில் மணியாரங்களையும் கண்ணாடியையும் தொங்கவிட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது உஸுமே என்னும் பெண் தெய்வம் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, ஆடை நெகிழ்வதையும் பாராமல் தாளமிட்டு ஆடினாள். அதைக் கண்ட தேவர் கூட்டம் வானமே அதிரச் சிரித்தது. தான் இல்லாமல் உலகம் இருண்டு கிடக்க இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று வியந்த அமதெராசு கதவைச் சிறிது திறந்தாள். உன்னினும் உயர்ந்த தெய்வம் வந்திருக்கிறது, அதனால் களிக்கிறோம் என்றாள் உஸுமே. கண்ணாடியை முன்னே நீட்டினார்கள். அதில் கண்ட ஒளியுருவத்தைப் பார்க்கத் தேவி ஓரடி எடுத்து வைக்க, காத்திருந்த வலியவன் ஒருவன் கையைப் பற்றி வெளியே இழுத்தான். மீண்டும் குகைக்குள் போகாதபடி பின்னால் கயிறு கட்டப்பட்டது. உலகுக்கு ஒளி வந்தது.

கோழி கூவியும் வராதவள், மணியாரம் சாற்றியும் வராதவள், சிரிப்பொலி கேட்டு வந்தாள்.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. கியூஷு தீவில் தகாசிஹோ என்னும் மலையூரில், நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர்காலத்தில், ஊருக்கு ஊர் வீடுகளில் தெய்வத்தை எழுந்தருளச் செய்து விடியவிடிய ஆடுகிறார்கள். மொத்தம் 33 ஆட்டங்கள். குகைக்கதை முழுவதும் முகமூடியணிந்து ஆடிக் காட்டப்படும். நடுவே உலகைப் படைத்த தெய்வத் தம்பதி மது வடித்துக் குடித்துவிட்டுத் தள்ளாடிக் கொஞ்சும் ஆட்டம் ஒன்றும் உண்டு. அதற்குக் கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். ஒசாகாவை அடுத்த ஹிகாஷி ஒசாகாவில் ஹிராஓகா ஆலயம் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதத்தில், முகப்பில் கட்டும் வைக்கோல் கயிற்றைப் புதுப்பித்த பின், அர்ச்சகரும் அடியவரும் ஒன்றுகூடி ஏறத்தாழ 20 நிமிடம் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அதுவே அன்றைய ஆராதனை.

இதே தேவிக்கு இசேயில் பெருங்கோயில் உண்டு. அங்கே சிரிப்பு இல்லை. அவளுடைய சின்னமாகிய கண்ணாடி அந்தரங்கத்தில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. சேவிக்க வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று வணங்கித் திரும்ப வேண்டியதுதான். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயத்தைப் பக்கத்து மனையில் புத்தம்புதிதாகக் கட்டி, நள்ளிரவு இருளில் தேவியை எழுந்தருளப் பண்ணுவார்கள். 2013இல் அப்படி நடந்தது. எட்டாத பெருமையும் எட்டிப் பிடிக்கும் எளிமையும் ஒரே தெய்வத்துக்குப் பொருந்தும் என்பதை, பரத்துவம், சௌலப்பியம் என்று இரண்டு சொற்களை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு யாரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. பரமபதத்தில் வீற்றிருப்பவனே ஆய்ப்பாடியில் வெண்ணெய் களவுகண்டு உரலோடு கட்டுண்டு விழித்தான். அந்தக் கதையைச் சொல்லும்போது சிரிக்காத பாட்டி இருந்திருப்பாளா?

ஆகவே தெய்வத்தின் முன் சிரிப்பது தகுமா என்ற வினா அந்நாட்டைப் பொறுத்தவரை அவர்களே பலநூறு ஆண்டுக்கு முன் தீர்த்துக்கொண்டது. விளையாட்டு இயற்றியவர்கள் தம் மண்ணின் வழக்கத்திற்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. நண்பரும் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டார். அடியேனை உறுத்தியது வேறொன்று. அது இந்த ஆட்டத்தில் வரும் சுசானோவைப் பற்றியது.

பழைய நூலில் சுசானோ தேவியின் தம்பி. விண்ணிலிருந்து துரத்தப்பட்டு மண்ணுக்கு வந்தவன். எட்டுத் தலை நாகமாகிய ஒரோச்சிக்கு எட்டுச் சாடி மதுவை வைத்து மயக்கிக் கொன்று, அதற்கு இரையாகவிருந்த பெண்ணைக் காத்தவன். விளையாட்டில் அவனை ஒரு சாதாரண மனிதனாக இறக்கிவிட்டார்கள். காமிகி என்னும் சிற்றூரில் நூறாண்டுக்கு முன் நாகி என்ற வீரன் ஒரு வெள்ளை ஓநாயின் துணையோடு ஒரோச்சியை அடக்கி, தன் வாளையே முத்திரையாகக் குகையில் ஊன்றிவிட்டுப் போனான். சுசானோ அவன் வழித்தோன்றல். உலகத்திலேயே தானே பெருவீரன் என்று மார்தட்டுவான், பகலில் உறங்குவான், மது வடிக்கும் குஷி என்ற பெண்ணிடம் பேச நா எழாமல் தவிப்பான், உண்மையான ஆபத்து வந்தால் ஓடுவான்.

ஊர் வாயிலை ஒரு பெரும்பாறை அடைத்துக் கிடக்கிறது. சுசானோ வாளை ஓங்கி வீர முழக்கம் செய்து ஒரு வெட்டு வெட்டுகிறான். அந்த நொடியில் திரை தாளாகிவிடும். அவன் வாள் செல்லும் வழியில் ஆடுபவன் ஒரு கோடு வரைய வேண்டும். வரைந்தால் பாறை இரண்டாகப் பிளக்கும். சுசானோ தன் கையையே வியந்து பார்த்துவிட்டு, பார்த்தீர்களா என் வாளின் திறத்தை என்று நெஞ்சு நிமிர்த்துவான். பின்னால் வெள்ளை விலங்கு ஒன்றும் அறியாததுபோல் நின்றுகொண்டிருக்கும். இதுவே மேலும் பல இடங்களில், அவன் அரக்கர்களை எதிர்க்கும்போதெல்லாம் நிகழ்கிறது. வெட்டுவது தேவியின் தூரிகை. வீரன் என்ற பெயர் சுசானோவுக்கு.

பேரன் ஒருமுறை வேண்டுமென்றே கோடு வரையாமல் விட்டுவிட்டான். முழக்கம் மட்டும் கேட்டது, பாறை அசையவில்லை. முதலில் சிரித்தான், பிறகு "பாவம் தாத்தா" என்று சொல்லி அடுத்த முறை ஒழுங்காகக் கோடிட்டான். அந்தப் பாவம் என்ற சொல் அடியேனைத் தைத்தது. காரணம் சொல்ல வேண்டும்.

அடியேன் ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். பள்ளி இறுதி வகுப்பில் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளன்று கையில் காசில்லாமல் பள்ளிக்குச் சென்று ஆசிரியர் முன் தலைகுனிந்து நின்றேன். "உனக்குக் கட்டியாயிற்று, போய்ப் படி" என்றார் அவர். வகுப்பில் முதலாவதாக வருபவன் என்பதால் பள்ளியே கட்டணத்தைத் தள்ளிவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தேர்ந்தேன், வேலை கிடைத்தது, குடும்பத்தை நிலைநிறுத்தினேன். முப்பது ஆண்டுகள், யாருடைய கைக்காசும் இல்லாமல் என் முயற்சியால் வந்தவன் நான் என்று சொல்லித் திரிந்தேன். சொன்னதோடு நின்றேனா? படிப்பை நிறுத்திவிட்ட உறவுப் பையன்களிடம், நான் முன்னேறவில்லையா, உனக்கு மட்டும் என்ன என்று கடிந்தும் பேசினேன்.

எங்களூர்ப் பெருமாளுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டி ஸமர்ப்பிப்பதைத் தவிர அவருக்கு வேறு வருவாய் பெரிதாக இல்லை. நான் பள்ளிக்குப் போகும் வழியில் மண்டபத்திலமர்ந்து மாலை தொடுத்துக்கொண்டிருப்பார். "படிக்கிறாயா?" என்று ஒரு சொல் கேட்பார். அவ்வளவுதான். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிய செய்தி கேட்டு ஊருக்குப் போனபோது, தள்ளாத வயதிலிருந்த அந்த ஆசிரியர் சொன்னார்: அன்று கட்டணம் கட்டியவர் அவர். யாரிடமும் சொல்லலாகாது என்று கேட்டுக்கொண்டாராம்.

அன்று என் உள்ளத்தில் முதலில் எழுந்தது நன்றி என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. முதலில் வந்தது கோபம். இத்தனை ஆண்டும் என்னை அறியாமையில் வைத்து, நான் மார்தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்ற கோபம். பாறையைப் பிளந்தது என் வாள் அன்று என்று ஒருவர் முப்பது ஆண்டு கழித்து வந்து சொன்னால் எப்படியிருக்கும்? சுசானோவுக்கும் அந்த நிலை வருகிறது. தன் பின்னே ஏதோ ஒரு சக்தி நின்று உதவுகிறது என்பதை அவன் உணர்ந்துகொள்ளும்போது அவனுக்குள்ளும் ஒரு கசப்பு இருக்கிறது. மூதாதையின் பெருங்கதைக்குத் தான் வெறும் பொம்மையா என்று குமுறுகிறான். குகையில் ஊன்றியிருந்த வாளைப் பிடுங்கி ஒரோச்சியை அவிழ்த்துவிட்டவனே அவன்தான். அந்தக் கதை பொய் என்று காட்டுவதற்காகவே செய்தான். கோமாளி என்று நாம் சிரித்துக்கொண்டிருந்தவனின் உள்ளே இவ்வளவு இருக்கிறது. விளையாட்டு இயற்றியவர்களின் திறம் இவ்விடத்தில் விளங்குகிறது.

இப்போது வினாவுக்கு வருவோம். மறைந்து நின்று செய்யும் உதவி நல்லதா? உதவி பெற்றவனை அது முட்டாளாக்குகிறதா? அவனுக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சுகிறதா?

கைங்கர்யப் பெரியவர் தம் உதவியைச் சொல்லியிருந்தால் நாள்தோறும் அந்த மண்டபத்தைக் கடக்கும்போது கடன்பட்டவனாய்க் குனிந்து போயிருப்பேன். பதினாறு வயதில் குனிந்த முதுகு பிறகு நிமிர்வது அரிது. அவர் எனக்குத் தந்தது கட்டணம் மட்டுமன்று, நிமிர்ந்த முதுகும்தான். இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய மௌனத்திற்கு விலை கொடுத்தவர்கள் நான் கடிந்துபேசிய அந்தப் பையன்கள். உண்மை தெரிந்திருந்தால் அவர்களிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஒருவனுக்காவது கட்டணம் கட்டியிருப்பேன். மறைவான உதவியை வானளாவப் புகழ்வோர் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. அந்தப் பழி அவருடையதன்று, என்னுடையது என்பதில் ஐயமில்லை. உதவி மறைந்திருந்தது உண்மை. ஆனால் கட்டணம் எப்படி வந்தது என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க என்னை யார் தடுத்தார்கள்? கேட்காமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

சுசானோவைப் பார்த்து நாம் சிரிப்பதும் இதனால்தானே? துணை பெற்றது குற்றமென்று யாரும் சிரிப்பதில்லை. திரும்பிப் பார்க்காததே சிரிப்புக்கு இடமாகிறது. ஓரடி பின்னால் அந்த வெள்ளை விலங்கு நின்றுகொண்டேயிருக்கிறது. ஆட்டத்தில் கொட்டிக் கிடக்கும் வேடிக்கைகளில் ஆழமானது இதுவே. இதில் சிரிப்புக்கு ஆளாவது தேவி அல்லள். நான் வெட்டினேன் என்னும் மனிதன்தான். தேவியை நாயாகக் காட்டியது அவளை இழிவுபடுத்த என்று நினைத்த நண்பருக்கு அடியேன் கடைசியில் சொன்ன விடையும் இதுவே. ஒளிவீசும் திருமேனியோடு அவள் பாறைப்பக்கம் நின்றிருந்தால் சுசானோ வாளை ஓங்கியே இருக்க மாட்டான்; கீழே விழுந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

எஞ்சுவது என்ன என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. ஒரோச்சியின் நாள் வந்தபோது வெண்சிறகு அம்பு குஷியின் வீட்டுக் கூரையில் வந்து தைக்கிறது. அவளே இரை என்பதற்கு அது அடையாளம். சுசானோ ஓடி ஒளிகிறான். குஷியோ தானே வடித்த மதுவை எடுத்துக்கொண்டு, நாகத்தை மயக்கும் எண்ணத்தோடு அஞ்சாமல் குகைக்குப் புறப்படுகிறாள். என் கணக்கில் அந்த ஊரின் மெய்யான வீரர் அவளே. பின்னர் போர் நடக்கும் நேரத்தில் சுசானோ அக்குகைக்கு வந்து சேர்கிறான். தூரிகை பாறையைப் பிளக்கும், அரக்கனை வெட்டும். ஆனால் அவனை அந்த வாயிலுக்கு நடத்திக்கொண்டுவர ஆட்டத்தில் எந்தக் கோடும் கிடையாது. அந்த நடை அவனுடையது. அடியேனுக்கும் கட்டணம் கட்டப்பட்டது; தேர்வு மண்டபத்தில் போய் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. அது சிறிது, மிகச் சிறிது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமை சொல்லி நம் பெரியோர் நெடுங்காலம் வழக்காடிய பொருளை ஒரு விளையாட்டின் வாயிலாகத் தீர்த்துவிட்டதாக அடியேன் சொல்ல வரவில்லை. அந்த வழக்கில் வாய் திறக்கும் தகுதியும் எனக்கில்லை. நூறாண்டுக்கு முந்தைய வீரன் நாகியின் வெற்றிக்குப் பின்னாலும் தேவியின் தூரிகை இருந்தது என்பதை ஆட்டம் பிற்பாடு காட்டுகிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். முன்னோர் பெருமையை எண்ணித் தாழ்வுற்றுக் கிடந்த பேரனுக்கு அது தெரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இந்த விளையாட்டில் அடியேனுக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. ஒரு பறவைக்கு இரை போட்டால், பட்ட மரத்தைப் பூக்கச் செய்தால், ஒருவருக்கு உதவினால், உடனே புகழ்மணிகள் சில பறந்துவந்து தேவியிடம் சேரும். அவற்றைச் சேர்த்துவைத்து அவளுடைய உயிர்வலிமையையும் மை அளவையும் பெருக்கிக்கொள்ளலாம். தேவி எதையும் எதிர்பாராது செய்கிறாள் என்று கதை சொல்ல, அவளை நடத்தும் பிள்ளையின் கண்ணோ மணிகளின் மேலேயே இருக்கிறது. "அந்த முயலுக்கு ஏற்கெனவே போட்டாயிற்று தாத்தா, இனி ஒன்றும் கிடைக்காது" என்று பேரன் அதைத் தாண்டி ஓடினான். மறைந்து நின்று உதவும் கதைக்குள்ளே உடனுக்குடன் கூலி தரும் கணக்குப் புத்தகம் ஒன்றைச் செருகிவிட்டார்கள். சுசானோவுக்கு உதவும் காட்சிகள் மனத்தில் நிற்பதும், முயலுக்கு இரையிட்டது மறந்துபோவதும் இதனால்தான் போலும்.

மக்களின் நம்பிக்கை குன்றியதால் தெய்வத்தின் சக்தியும் குன்றியது என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை. இறுதிப் போரில் இருளரசன் தேவியின் சக்திகளையெல்லாம் பறித்துவிடுகிறான். அப்போது, பின்தங்கிவிட்ட இஸ்ஸுன், தான் தட்டிக்கழித்து ஓடிவந்த பரம்பரைக் கடமையை ஏற்று, தேவியின் உருவத்தை வரைந்து வரைந்து நாடெங்கும் மக்களுக்குக் கொடுக்கிறான். அவர்களின் வேண்டுதல் ஒன்றுதிரண்டு அவளுக்கு மீண்டும் வலிமை தருகிறது. குறைவொன்றுமில்லாதவனைத் தொழும் நமக்கு, அடியார் கும்பிடாவிட்டால் ஆண்டவன் மெலிந்துபோவான் என்ற எண்ணம் ஏற்புடையதன்று. ஆயினும் கதை முழுதும் தேவியைக் கேலி செய்துகொண்டே வந்தவன் கைதான் கடைசியில் அவள் படத்தை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை நண்பரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. திருமண்காப்பைச் சரிசெய்துகொள்வதுபோல் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஓகாமியை ஆராய்ந்து எழுதியவர்கள் வெளியான நாளிலேயே மிகவும் பாராட்டினார்கள், வாங்கியவர்கள் குறைவு. அதைச் செய்த குளோவர் கூடம் 2007இல் கலைக்கப்பட்டது. ஆனால் ஆட்டம் மறையவில்லை. புதுக் கருவிகளுக்காக மறுபடியும் மறுபடியும் வெளியிடப்பட்டு, 2006க்குப் பின் பிறந்த என் பேரனின் கையிலும் வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் காமியாவே இதன் தொடர்ச்சியை உருவாக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

மறுநாள் மாலை நண்பர் வழக்கத்தினும் முன்னதாகவே வந்துவிட்டார். பேரன் காமிகி ஊரிலேயே இருந்தான். கிழவி ஒருத்தியின் துணி உலர்த்தும் கழி ஒடிந்து, ஈரத்துணி நனைந்தபடி கிடந்தது. பிள்ளை இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கோடிட்டான். கழி பழையபடி ஆயிற்று. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. அந்நேரம் அவன் தாய் உண்ண அழைக்க, கருவியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நண்பர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல அடியேன் பக்கம் சாய்ந்து, "சுவாமி, வானத்தில் வட்டம் போட வேண்டியது எந்தப் பொத்தான்? அந்த அம்மாளின் துணி உலரட்டும்" என்றார்.